எங்கள் வீட்டுத் தண்ணீர்

ஆய்வகத்தில் அவளுக்குச் 'சந்தேகப் பிராணி' என்று பெயர். பதினாறு வருடமாகத் தண்ணீரைச் சந்தேகப்படுவதுதான் வேலை. நிமோனியாவைக் கொண்டுவரும் ஒரு கிருமி வெதுவெதுப்பான தண்ணீரில் குடியிருக்கும்; ஷவர் தூறலோடு மூச்சில் ஏறி நுரையீரலில் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியில் சாயம் ஏற்றி, தண்ணீரை வடிகட்டி எடுத்த கசடு பூசிய கண்ணாடித் தகட்டில் விடுவாள். மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னினால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க, கிருமி உள்ள தகடு ஒன்றும் சுத்தத் தண்ணீர்த் தகடு ஒன்றும் வைக்க வேண்டும். இவள் மாதம் ஒருமுறை இன்னொன்றும் வைப்பாள்: சொந்த வீட்டு ஷவர் தண்ணீர். பெருமைதான், வேறென்ன!

"உங்க வீட்டுத் தண்ணிக்கு மெடல் குத்திடலாம்மா" என்று மேலதிகாரி கிண்டலடிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சோதனைக்கு வந்த ஆஸ்பத்திரி ஷவர்களின் தகடுகள் இருட்டாகவே கிடந்தன. வீட்டுத் தகடு பச்சைப் பசேலென்று மின்னியது.

"எங்கயோ தகடு மாறியிருக்கும். திரும்பப் பண்ணுங்க" என்றார் மேலதிகாரி.

புதுத் தகடு, புதுச் சாயம். மறுபடியும் பச்சை. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மாமனார் கையைச் சுட்டுக்கொண்டார் என்று ஹீட்டர் சூட்டை வெதுவெதுப்புக்குக் குறைத்து வைத்தவள் அவள்தான். நான்கு நாளாக அவர் இருமுவதை வெறும் சளி என்று சொன்னவளும் அவள்தான். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மாமா எங்க?"

"ஷவர்ல நிக்கிறாரு" என்றான் கணவன். "வெதுவெதுப்பா நின்னா சளி இளகும்னு காலைல நீதானே சொல்லிட்டுப் போனே?"

"ஐயோ, தண்ணிய நிறுத்துங்க! உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ன கிருமின்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்."

கிருமி இன்னதென்று தெரிந்ததால் சரியான மருந்து அன்றே ஏறியது. ஒரு வாரம் இழுபறி. எட்டாம் நாள் கிழவர் எழுந்து உட்கார்ந்தார்.

"உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும்மா. இங்க குளிக்கலாமா?"

"தாராளமா குளிங்க மாமா. இந்த ஷவரை நானே பார்த்திருக்கேன்."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"நம்ம வீட்டையும் நீதானேம்மா பார்த்தே?"

அவள் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அவர் முதுகைத் துடைத்துவிட்டாள்.