அடுப்படியில் மாட்டிய சாவி

பட்டப்பகலில், பக்கத்து வீட்டு அக்கா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒருவன் அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். பூட்டை உடைக்கவில்லை. முன்ஜன்னல் வழியாக நீளக் கம்பி ஒன்றை விட்டு, சுவரில் தொங்கிய சாவிக்கொத்தைத் தூக்கியெடுத்து, சாவகாசமாகத் திறந்துகொண்டு வந்திருக்கிறான். அக்கா வெளியே வந்தபோது கூடத்தில் நின்றிருந்தான். கையில் பாராங் கத்தி. கழுத்துச் சங்கிலியை அக்காவே கழற்றிக் கொடுத்தார்.

“போறப்ப கதவச் சாத்திட்டுப் போறான் புள்ள, நம்ம வீட்டு ஆளாட்டம்,” என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நாளில் தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த வீடு காலியானது.

செங் என்ற ஊரில், எங்கள் தாமான் குடியிருப்பில் பகலில் ஆள் நடமாட்டம் குறைவு. முக்கால்வாசிப் பேர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். என் கணவரும் அப்படித்தான். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். துணைக்கு மாமனார். ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். முட்டி போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். நாலு கால் ஊன்றுகோல் இல்லாமல் நகர முடியாது. ஒருவன் கத்தியோடு வந்தால் எங்கள் இருவரால் என்ன செய்ய முடியும்? வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே மெஷினை மிதிப்பதை நிறுத்திவிடுவேன். அது தாண்டிப் போன பிறகுதான் தையல் ஓடும்.

கணவர் முன்பக்கக் கிரில் கதவுக்குக் கைமுட்டி அளவில் ஒரு பூட்டு வாங்கிவந்தார். “எந்தக் கத்தரியும் இத வெட்டாதுன்னு கடைக்காரன் சொன்னான்,” என்றார். பின்கதவுக்கும் உள்ளே ஒரு பூட்டு. காலையில் கிரிலை வெளியிலிருந்து பூட்டிவிட்டுத் தன் சாவியோடு வேலைக்குப் போவார். கிரிலின் மாற்றுச் சாவியும் பின்கதவுச் சாவியும் என் கொத்தில். கம்பி எட்டாத இடம் எது என்று பார்த்துப் பார்த்து, அடுப்படியில் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். அன்று மத்தியானம்தான், ரொம்ப நாளைக்குப் பிறகு, கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

ஒரு நாள் ரசத்துக்குப் புளியை ஊறவைத்துவிட்டு வந்து ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் படக்கென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகும் நாற்றம். போய்ப் பார்த்தால், குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் பிளக் மாட்டிய இடத்திலிருந்து தீ எழும்பி, ஜன்னல் திரையைப் பிடித்திருந்தது. அதற்கு நடுவில் சாவிக்கொத்து தொங்கியது. ஒரு எட்டு வைத்தேன். முகத்தில் அனல் அறைந்தது. பின்கதவு அந்தப் பக்கம். அடுப்படிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்தேன்.

மாமா எழுந்து நின்றிருந்தார்.

“மாமா, சாவி உள்ளாற மாட்டிக்கிச்சு.”

“எந்தச் சாவி?”

“எல்லாச் சாவியும்.”

கணவரைக் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் அவர் கைப்பேசி லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவசர எண்ணில் பொம்பாவுக்குச் சொன்னேன், தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். முன்கதவைத் திறந்து கிரிலைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். ஜன்னல்களிலும் கம்பி. ஒரு பூனைகூட வெளியே போக முடியாதபடி வீட்டை நாங்களே அடைத்து வைத்திருந்தோம்.

எதிர்வீட்டுச் சீன அங்கிள் வீடு புதுப்பிக்கும் வேலை செய்பவர். அன்று அவர் லோரி வீட்டில் நின்றது எங்கள் நல்ல நேரம். கம்பி வெட்டும் பெரிய கத்தரியோடு ஓடிவந்து பூட்டில் வைத்து அழுத்தினார். கத்தரி வழுக்கியது. மறுபடி அழுத்தினார். பூட்டில் கீறல் விழுந்ததோடு சரி.

கதவிடுக்கில் வந்த புகையில் கூடத்தின் மேல்பாதி கறுத்துவிட்டது. எனக்கு இருமல் நிற்கவில்லை. மாமா சுவரைப் பிடித்துச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். “நிக்காத புள்ள, கீழ உக்காரு. பொக மேலதான் போவும்,” என்று என் சேலையைப் பிடித்து இழுத்தார். இந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன் என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது.

அங்கிள் கத்தரியைப் போட்டுவிட்டு லோரியிலிருந்து கடப்பாரை எடுத்துவந்தார். “உந்தூர், உந்தூர்,” என்று கையை ஆட்டி எங்களைப் பின்னால் போகச் சொன்னார். பூட்டை அவர் தொடவில்லை. பூட்டு மாட்டியிருந்த கொக்கிக்குள் கடப்பாரையை விட்டு நெம்பினார். மெல்லிய தகடு. பற்றவைத்த இடம் விட்டு, கொக்கி கையோடு வந்துவிட்டது. மாமாவை இருவரும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தோம்.

பொம்பா வந்து அணைத்தார்கள். அடுப்படியோடு போயிற்று. கணவர் வேலைச் சட்டையோடு வந்து இறங்கினார். கீழே கிடந்த பூட்டை எடுத்தார். அது இன்னும் பூட்டியே இருந்தது. தன் சாவியைப் போட்டுத் திருப்பினார். சுலபமாகத் திறந்துகொண்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததைச் சொன்னதும், “கொக்கி அவ்வளவு லேசா வந்துடுச்சா?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கிளுக்கு வந்தது அந்தத் திருடனுக்கும் வந்திருக்கும்.

பூட்டு வேலை செய்கிறவரை வரவழைத்தோம். கிரில் சட்டத்துக்குள்ளேயே பதிகிற பூட்டு, வெளியே சாவி, உள்ளே சாவி இல்லாமல் குமிழைத் திருப்பினால் திறக்கும் என்றார்.

“அப்ப திருடன் கைய விட்டுத் திருப்பிட்டா?” என்றார் கணவர்.

“தகடு வச்சு மூடிருவோம்லா. வெளியேருந்து கை எட்டாது.”

அவர் முடித்ததும் மாமா வந்து குமிழைப் பிடித்தார். விரல்கள் வழுக்கின. இன்னொரு தரம் முயன்றார். “எனக்கு வரல,” என்று மெதுவாகச் சொன்னார். குமிழைக் கழற்றிவிட்டு நீளக் கைப்பிடி போட வைத்தோம். அதை மாமா கீழே அழுத்தி, திறந்து, ஒரு காலை வெளியே வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

மறுநாள் கணவர் வேலைக்குக் கிளம்பினார். கதவைச் சாத்தினேன். மோட்டார் சைக்கிள் வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஒரு தடவ தொறந்து காட்டு.”

திறந்தேன்.

“சரி, சாத்து.”

அவர் போன பிறகு தையல் மெஷினை இழுத்து வாசல் பக்கம் போட்டேன். மாமாவும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். பத்து மணி வாக்கில் காலி வீட்டு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். அவர் குறித்துக்கொண்டு போகிறவரை என் கால் மிதிமேல் அசையாமல் இருந்தது. மாமாவின் கை கதவின் கைப்பிடியில் இருந்தது.