அவள் பட்டையில் என் நடை

சுனாமிக்கு அப்புறம் கார் நிக்கோபார் தீவில் வீடுவீடாகக் கட்டி எழுப்பினவன் நான். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் எனக்கென்று மாடி வீடும் கட்டினேன். படிப்போ மூணாம் வகுப்பு.

என் மனைவியின் ஆயுள் பாலிசிக்கு, நடையை எண்ணும் கைப்பட்டை ஒன்று கொடுத்தார்கள். தினமும் நடந்தால் கடல் தாண்டி மெயின்லேண்டில் இலவசமாக உடம்பைச் சோதிப்பார்களாம். அவளுக்கோ எழுந்து நின்றாலே மூச்சு வாங்கியது. அதனால் பட்டையை நான் கட்டிக்கொண்டு, மழையிலும் மேடேறி நடந்தேன்.

"படுத்துக்கிட்டே ஊரைச் சுத்துறேன், பாருங்க" என்று சிரிப்பாள்.

சோதனைக்குக் கூப்பிடும் முன்னே போய்விட்டாள். காரியத்தன்று அவள் போனுக்குச் செய்தி வந்தது: "வாழ்த்துகள், நன்றாக நடந்தீர்கள். சோதனைக்கு வாருங்கள்."

பாலிசி ஏஜென்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நடந்தது நான், சார். அந்த நடையை என் பேரில் எழுதுங்க."