ஆறாம் வகுப்பில் அத்தா

கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் என்ன நடந்தாலும் அது வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, புதிதாக அடித்த சுவர் வர்ணம், பிள்ளைக்கு விழுந்த பல் என்று எல்லாவற்றையும் அம்மா படம் பிடித்து அத்தாவுக்கு அனுப்பிவிடுவாள். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஷார்ஜாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். நான் பால்வாடிக்குப் போகும் வயதில் கிளம்பியவர், நடுவில் ஒரே ஒரு முறைதான் வந்துபோனார். அதனால் போனில் அவரோடு எனக்குப் பேச்சே வராது. சாப்பிட்டியா என்பார், சாப்பிட்டேன் என்பேன். அப்புறம் போன் அம்மா கைக்குப் போய்விடும்.

நான் ஆறாவது போன வருஷம் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். எங்கள் மிஸ் திண்டிவனத்தில் தன் வீட்டிலிருந்தே பாடம் நடத்தினார். அவர் வீட்டுக் குக்கர் விசிலடித்தால் பின்னக் கணக்கு பாதியில் நிற்கும். காலையில் வாட்ஸ்அப்பில் லிங்க் வரும், அதை அழுத்தினால் வகுப்பு. பள்ளியிலிருந்து எது வந்தாலும் அனுப்பிப் பழகிய அம்மா, அந்த லிங்க்கையும் அத்தாவுக்குத் தட்டிவிட்டாள். அங்கே கடை மூடிக் கிடந்தது. விமானமும் ஓடவில்லை. அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த மனிதர் அதை அழுத்திப் பார்த்திருக்கிறார்.

எங்கள் முகங்களுக்கு நடுவே ஒரு ரோஜாப்பூப் படம் தினமும் வந்து உட்கார்ந்தது. யாரோ புதுப் பையன், கூச்சப்படுகிறான் போலும் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் மிஸ்ஸுக்குச் சந்தேகம் தட்டியது.

"ரோஜாப்பூ யாருப்பா? கேமரா ஆன் பண்ணு."

திரையில் இரண்டடுக்குக் கட்டில், காயப்போட்ட லுங்கி, நடுவில் பனியனோடு என் அத்தா. பதறிப்போய் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். என் பெயரைச் சொல்லி, "நான் அதுக்கு அத்தாங்க மிஸ். புள்ள பேசறத கேட்டுக்கினு இருந்தேங்க. தப்புன்னா போயிடறேங்க" என்றார்.

வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "இருங்க சார். மைக்க மட்டும் ஆஃப் பண்ணிக்கினு உக்காருங்க" என்றார்.

எனக்கு மானமே போய்விட்டது. அம்மாவிடம் ஓடிப்போய் அழுதேன். "வேற யாரோட அத்தாவாவது வர்றாங்களா? என்னை வேவு பாக்கறாரும்மா" என்றேன். அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவருக்கு வேற எங்க போறதுக்கு இருக்குது?" என்றாள்.

அன்றிலிருந்து அத்தா ஒழுங்கான மாணவராகிவிட்டார். தலை வாரி, சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னைத் தமிழ்ப் பாடம் வாசிக்கச் சொன்னால் போனைக் காதோடு ஒட்டிக்கொள்வார், திரை முழுக்க ஒரு காது மட்டும் தெரியும். பையன்கள் அதற்கும் சிரித்தார்கள். கடை திறந்த பிறகும், வேலைக்குக் கிளம்புமுன் கொஞ்ச நேரமாவது வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்.

ஒருவழியாகப் பள்ளி திறந்தது. மாஸ்க் போட வேண்டும், பெஞ்சுக்கு இரண்டு பேர்தான், தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றக் கூடாது. எத்தனை சட்டம் போட்டால்தான் என்ன, தோழியின் பக்கத்தில் உட்காரப் போகிறோம் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யூனிஃபார்மில் நான் நின்ற படத்தை அம்மா வழக்கம்போல அனுப்பினாள். உடனே அத்தா அழைத்தார். அழகா இருக்கேம்மா என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்:

"ஸ்கூல்ல நடத்தற கிளாசுக்கு லிங்க் தர மாட்டாங்களாம்மா?"

"தர மாட்டாங்க அத்தா. இனிமே எல்லாம் நேர்லதான்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.



"நல்லதும்மா. ஜல்தியா கெளம்பு" என்றார்.

பள்ளி திறந்ததில் அவருக்கும் என்னைப் போலவே சந்தோஷம் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.