அரை அங்குலம்

இங்கிலாந்தில், ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு கம்பளி மில். தறியிலிருந்து வரும் துணியில் விட்டுப்போன இழைகளை ஊசியால் கோத்துச் சேர்ப்பது ஹெட்டி சைக்ஸின் வேலை. அவள் மடியில் புரண்ட துணியெல்லாம் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும், நெய்தவர்கள் உடுத்துவதற்கு ரேஷன் கூப்பன்தான். சண்டைக்குப் போன கணவன் கிளிஃபர்ட் இத்தாலியிலேயே மண்ணோடு மண்ணாகிவிட்டான். அவனுடைய கோட்டும் கால்சட்டைகளும் எப்போதோ மகள் பெரிலுக்குப் பாவாடைகளாகிவிட்டன.

பெரிலுக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் வளர்த்தி வயதுக்கு மீறியது. பரீட்சை எழுதித் தேறி நல்ல பள்ளியில் இடம் வாங்கியிருந்தாள். சீருடை வாங்கியதிலேயே இருவர் கூப்பனும் கரைந்துபோனது. ஷூவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. அளவுக்கு மீறி வளர்ந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் கூடுதல் கூப்பன் கொடுத்தது. இலையுதிர் காலத்தில் பள்ளியிலேயே உயரம் அளப்பார்கள். ஹெட்டி தன் பங்குப் பாலையும் மகளுக்கே ஊற்றினாள். அளக்கும் நாள் காலையில் அவளைச் சுவரோடு நிறுத்திப் பார்த்தாள்.

"கழுத்த நல்லா நீட்டுடி."

"கொக்கு மாதிரியாம்மா?"

"கொக்கோ நாரையோ, அளவு வந்தாப் போதும்."

சாயங்காலம் பெரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "அரை அங்குலம் கொறையுதாம்மா."

"தலைமுடிய உச்சியில தூக்கிக் கட்டிவிட்டேனே?"

"நர்ஸ் அத அமுக்கிட்டாங்க."

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு பெரில் திடுதிப்பென்று வளர்ந்தாள். ஹெட்டி மில்லுக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு கூப்பன் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"இப்ப அளந்து பாருங்க சார்."

"அளக்கற நாள் முடிஞ்சிபோச்சும்மா. அடுத்த தடவ வாங்க."

"அதுவரைக்கும் காலு வளராம நிக்குமா சார்?"

"சட்டத்த நானா போட்டேன்?" என்றார் குமாஸ்தா. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

பழைய உடுப்பையும் ஷூவையும் மாற்றிக்கொள்ளும் இடத்திலும் கேட்டுப் பார்த்தாள். அங்கே இருந்த ஐவி, மில்லில் கூட வேலை செய்யும் அடுத்த தெருக்காரி, உதட்டைப் பிதுக்கினாள். "பெரிய காலுக்காரிங்க ஷூவ கிழியற மட்டும் விடமாட்டாங்க ஹெட்டி. இங்க வர்றதெல்லாம் குஞ்சுக் காலுதான்." ஹெட்டியின் ஷூவும் மகளுக்குச் சேரவில்லை.

கடைசியில் அடுப்படிக் கத்தியை எடுத்து, பெரிலின் ஷூ முனையை வெட்டி, விரல்களுக்கு வழிவிட்டாள். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அடுத்த வாரமே பனி கொட்ட ஆரம்பித்தது. வாசல்களைப் பனி மூடியது. கரி வரவில்லை, மில்லும் நின்றது. பெரில் மட்டும் ஒரு நாள் தவறாமல் நடந்தே பள்ளிக்குப் போனாள். விரல்கள் சிவந்து, வீங்கி, வெடித்தன. "வலிக்கலம்மா" என்று காலுறையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டாள். நாற்றம் வந்த பிறகுதான் ஹெட்டி பலவந்தமாகக் கழற்றிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"இந்தப் பனியில ஏம்மா இப்படி வெட்டின ஷூவப் போட்டு அனுப்புனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

பள்ளிக்குத் திரும்பிய பெரில் விந்தி விந்தி நடந்தாள். மற்ற பெண்கள் விளையாடும்போது சுவரோரமாக நின்றாள். மெல்ல மெல்லப் புத்தகத்தைத் தொடுவதையும் விட்டாள். பதினைந்து முடிந்ததும், "போதும்மா" என்றாள். ஹெட்டி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தத் தனக்கு வாய் ஏது என்று நினைத்தாள்.

மில்லில் சொல்லிவைத்து மகளைத் தன் பிரிவிலேயே சேர்த்தாள். மேற்பார்வைக்காரி பெரிலின் காலைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, உக்காந்து செய்யற வேலதானே" என்றாள்.

அந்த வாரம்தான் உடுப்புக் கூப்பனை ரத்து செய்தார்கள். மில் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள். "நீயும் வா ஹெட்டி!" என்று ஐவி வாசலில் நின்று கூப்பிட்டாள். "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு, ஹெட்டி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த இழையை எப்படித் தேடுவது என்று காட்டிக்கொடுத்தாள். பெரில் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் சொன்னபடி செய்தது.