ஜெபம் கேட்கப்பட்ட பிறகு வந்த பொறாமை

என் கணவர் மறுபடியும் சர்ச்சுக்குள் வர வேண்டும் என்று பல வருஷம் ஜெபம் செய்தேன். ஒரு நாள் வந்தார். அவர் வந்த அந்த வருஷத்தைப் போல வேறு எந்த வருஷமும் நான் பொறாமைப்பட்டதில்லை.

நாங்கள் இருப்பது குன்னூரில். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஞாயிறு பள்ளியிலும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். அவர் ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். ஒரே மகள், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே போய்விட்டது. அந்த வருஷம்வரை அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசியதே இல்லை.

அந்தக் குழந்தைக்குப் பிறகு அவர் சர்ச்சுக்கு வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றே போனது. யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஞாயிறு காலையில் என்னைப் பைக்கில் கூட்டிவந்து கேட்டில் இறக்கிவிடுவார். எதிரே இருக்கும் பேக்கரியில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பேப்பர் படிப்பார். ஆராதனை முடிந்து நான் வெளியே வரும்போது பைக்கைத் திருப்பி நிறுத்தி வைத்திருப்பார். மழையோ உறைபனியோ, என்னைக் கொண்டுவந்து விடுவதில் மட்டும் குறை வைத்ததில்லை.

சபைப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். யாராவது விசாரித்தால், “அவருக்காக ஜெபம் பண்ணிக்குங்க” என்பேன். காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன் முழங்காலில் நின்று அவருக்காகத்தான் முதலில் ஜெபிப்பேன். வாய்விட்டு ஜெபிப்பது என் பழக்கம். அடுத்த அறையில் படுத்திருக்கும் அவருக்குக் கேட்கும் என்று தெரியும். கேட்கட்டுமே என்றுதான் இருந்தேன்.

ஃபேக்டரிக்குப் புதிதாக ஒரு ஃபிட்டர் வந்து சேர்ந்தார். பந்தலூர்ப் பக்கத்துக்காரர். சிலோன் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். குடும்பத்தைப் பந்தலூரில் விட்டுவிட்டு, ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். சாப்பிடும்போது அவர் பேச்சை என் கணவர் எடுப்பார். “அந்த ஃபிட்டர் இன்னிக்கு டிரையர் பக்கத்துல நின்னுட்டுப் பாட்டுப் பாடுறாரு. குரல் சகிக்கல. ஆனாலும் விடமாட்டேங்கிறாரு” என்று சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இறக்கிவிட்டவர் பைக்கைப் பூட்டிவிட்டு என் பின்னாலேயே படியேறி வந்தார். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் ஒல்லியாக ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர்தான் ஃபிட்டர். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து என் கணவரின் கையில் வைத்தார்.

அன்றைக்கு ஆராதனையில் நான் ஒன்றையும் கேட்கவில்லை. கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “உங்க ஜெபம் வீண்போகலீங்க டீச்சர்” என்று சபை ஆயரின் மனைவி ஆயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் பெரிய மாலை விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“ஏனுங்க, இன்னிக்கு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

“அவரு கூப்பிட்டாரு, வந்தேன்.”

அவ்வளவுதான். சட்டையை மாற்றப் போய்விட்டார். நான் எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! கெஞ்சியிருக்கிறேன், கோபித்திருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு மனிதர் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். விழுந்த மாலையை யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போன மாதிரி ஆயிற்று.

அதன்பிறகு விசுவாசத்தில் அவர் வேகமாக வளர்ந்தார். எனக்கு முன்னால் எழுந்து, ஸ்வெட்டர் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேதம் வாசித்தார். நான் சிறுவயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கும் பகுதிகளை அப்போதுதான் அச்சாகி வந்ததைப் போல வாசிப்பார். “இந்தப் பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு சொன்னதும் அங்கேயே நெருப்புக் காஞ்சுட்டு நின்னானே, கிளம்பிப் போகாம ஏன் நின்னான்?” என்று ஒருநாள் கேட்டார். ஞாயிறு பள்ளியில் அந்தப் பாடத்தைப் பல முறை நடத்தியிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பாடப் புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “சரி, அவருகிட்டக் கேட்டுப் பாக்கறேன்” என்றார். அந்த ‘அவரு’ என் காதில் முள்ளாகக் குத்தியது.

எனக்குப் பொறாமை அந்த மனிதர்மேல் மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். என் கணவரின் விசுவாசத்தின்மேலும் பொறாமையாக இருந்தது. அவர் ஜெபிக்கும்போது வார்த்தை கிடைக்காமல் திணறுவார். நடுவில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். எனக்கோ வார்த்தைகள் தாமாக வரும், குழாயைத் திறந்ததுபோல. அந்தத் திணறல் என்னிடம் எப்போது நின்றுபோனது என்று எனக்கே நினைவில்லை.

அறுவடைப் பண்டிகை அன்று ஆயர் சாட்சி சொல்ல விரும்புகிறவர்களை அழைத்தார். கேரட்டும் முட்டைக்கோசும் குவிந்திருந்த பீடத்துக்குப் பக்கத்தில் போய் என் கணவர் மைக்கைப் பிடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு எண்ணம் இருப்பதை என்னிடம் சொல்லவே இல்லை.

“எங்க மொதக் குழந்தை ஊட்டி ஆஸ்பத்திரியில பொறந்துச்சு. ஆஸ்பத்திரிப் படியில உக்காந்து அது பொழைக்கோணும்னு கெஞ்சினேன். சாயங்காலம் ஒரு துண்டுல சுத்தி என் கையில குடுத்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஆண்டவர்கிட்டப் பேச ஒண்ணுமில்ல. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. போன மழையில ஃபேக்டரியில கரண்ட் போயிடுச்சு. இருட்டுல உக்காந்திருந்தோம். இந்த அண்ணன் எங்கிட்ட, ‘நீங்க நல்லாருக்கீங்களா’ன்னு கேட்டாரு. அப்பத்தான் மொத மொதல்ல சொன்னேன்.”

சர்ச் முழுக்க அழுதது. நானும் அழுதேன். பக்கத்திலிருந்தவர்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். குழந்தையை நினைத்து அழுகிறேன் என்று எண்ணியிருப்பார்கள். நான் பெற்ற பிள்ளையின் கதை முதலில் ஒரு ஃபிட்டரிடம் சொல்லப்பட்டு, பிறகு சபை நடுவே எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதே என்றுதான் அழுதேன். அது துக்கமில்லை. வயிற்றெரிச்சல்.

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து நாட்கள் வந்தன. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பேச ஆயரம்மா என்னைக் கேட்டார். தலைப்பு, இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்வது. இரண்டு வாரம் தயார் செய்தேன். எதைப் பார்க்கிறோம், எதைக் கேட்கிறோம், யாரோடு உட்கார்ந்து புறம் பேசுகிறோம், கையில் போனை வைத்துக்கொண்டு எத்தனை நேரத்தைத் தொலைக்கிறோம் என்று வரிசையாகச் சொன்னேன். கெட்டது வெளியிலிருந்து வருகிறது, கதவைச் சாத்தி வையுங்கள் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். “ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சுங்க டீச்சர்” என்று ஒவ்வொருவரும் வந்து கை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் சமையலறையில் அந்த ஃபிட்டர் நின்றிருந்தார். தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல் வாசனை வாசல்வரை வந்தது. அடுப்பங்கரைப் பக்கமே வராத என் கணவர் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“வாங்க தங்கச்சி, சூடா ரெண்டு சாப்பிடுங்க. எங்க அம்மா தோட்டத்து லயத்து வீட்டுல சுடுற மாதிரியே வந்திருக்கு” என்றார் ஃபிட்டர்.

பள்ளி டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்துச் சமையல் மேடையில் வைத்தேன். நல்ல பசி எனக்கு. “நான் இன்னிக்கு உபவாசங்க” என்றேன்.

பொய். மத்தியானம் பள்ளியில் சோறு சாப்பிட்டிருந்தேன். பாவம், அந்த மனிதர் பதறிப்போனார். “ஐயோ, தெரியாமப் போச்சே” என்று தட்டை மூடி வைத்துவிட்டு, தானும் சரியாகச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் என் கணவர் திரும்பினார். “நீ உபவாசமெல்லாம் இல்ல. ஏன் அப்படிச் சொன்ன?”

அவ்வளவு நாள் அடக்கி வைத்தது வெடித்தது. “எங்கிட்டச் சொல்ல முடியாதத அவருகிட்டச் சொல்ல முடிஞ்சுது உங்களால. நான் பெத்த புள்ள அது. இத்தன வருஷம் உங்களுக்காக முட்டி தேய ஜெபம் பண்ணினவ நானு.”

அவர் கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே வைத்தார்.

“பண்ணின. அடுத்த ரூம்ல படுத்துட்டு தெனமும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். என்னைப் பத்தி ஆண்டவர்கிட்ட அத்தன சொல்லுவ. எழுந்திருச்சு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. அவரு கேட்டாரு.”

கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

“நீங்க மட்டும் எங்கிட்டக் கேட்டீங்களா? புள்ளைய நீங்க எங்க கொண்டு போனீங்கன்னுகூட எனக்குத் தெரியாது. நான் கட்டில்ல கெடந்தேன்.”

அவர் முகம் மாறியது. எழுந்து வந்து என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இப்பக் கேக்கறேன். சொல்லு.”

சொன்னேன். குழந்தை போன பிறகும் எனக்குப் பால் சுரந்துகொண்டே இருந்ததை, மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை, அந்த வார்டில் மற்றக் குழந்தைகள் அழும்போதெல்லாம் துணி நனைந்ததைச் சொன்னேன். அவருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் எந்த மரத்தடியில் புதைத்தார் என்று அவர் எனக்குச் சொன்னார். ரொட்டி ஆறிப்போய்க் கல்லாகிவிட்டது. பேசி முடித்தபின் அதையே சம்பலில் தொட்டு இருவரும் சாப்பிட்டோம்.

அதோடு என் பொறாமை தீர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீரவில்லை. சில வாரம் கழித்து என் கணவர் வேலை முடிந்து வந்து, “அவரு பந்தலூருக்கே போறாராம். அப்பாவுக்கு முடியல, அங்கயே ஒரு ஃபேக்டரியில வேலை கெடச்சிருக்கு” என்றார். சொல்லும்போது குரல் இறங்கிப் போயிருந்தது. எனக்கோ உள்ளே சட்டென்று ஒரு குதூகலம். ஒரு கிழவர் படுக்கையில் விழுந்த செய்தி அது. என் கணவர் தன் ஒரே சிநேகிதரை இழக்கிற செய்தி. அதைக் கேட்டு என் மனசு கைதட்டியது.

அன்று எனக்குப் பயம் வந்தது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராமல் கதவைச் சாத்தும்படி ஊருக்குச் சொன்னவள் நான். இது எந்தக் கதவு வழியாகவும் வரவில்லை. என் ஜெபத்துக்குள்ளேயே, நான் முழங்காலில் நிற்கும்போதே, என்னோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. அவர் இரட்சிக்கப்பட வேண்டும் என்று கேட்டேன், சரி. என்னால் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்தே கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் முழங்காலில் நின்றபோது வழக்கமான வார்த்தைகள் எதுவும் வரவில்லை. “எனக்கு அந்த மனுஷர்மேல பொறாமையா இருக்கு ஆண்டவரே” என்றேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா இருந்தேன். கால் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தேன். மனசு லேசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நான் யாருக்கும் கேட்க வேண்டும் என்று ஜெபிக்கவில்லை.

ஃபிட்டர் கிளம்பும் நாளில் வழிக்குத் தக்காளி சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரும்புப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு என் கணவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். அந்த இடைவெளியில் சொன்னேன்.

“அண்ணே, அன்னிக்கு நான் உபவாசம் இருக்கலீங்க.”

“தெரியும் தங்கச்சி” என்றார். “உங்க பள்ளிக்கூட டிபன் பாக்ஸ காலியாத்தானே மேடையில வச்சீங்க. நான் கழுவ எடுத்தேனே.” பிறகு, “என்மேல ஏதோ வருத்தம்னு நெனச்சேன். என்ன தப்பு பண்ணினேன்னு எனக்குத்தான் தெரியல” என்றார்.

“நீங்க ஒண்ணும் பண்ணலீங்க” என்றேன். சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தேன். பஸ் கிளம்பியபோது என் கணவர் கர்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுரோட்டில் அப்படிப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

இப்போது வீட்டில் இருவரும் சேர்ந்து ஜெபிக்கிறோம். முதலில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம், இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று. நிறைய நாள் அந்தப் பேச்சே நீண்டு, ஜெபம் சின்னதாகிவிடும். அந்தப் பொறாமையும் இன்னும் வருகிறது. வரும்போது அது என்ன என்று பெயர் சொல்லி ஆண்டவரிடம் காட்டிவிடுகிறேன். வேறு பெரிய ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது.

போன வாரம் மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். பரீட்சை வருகிறது, பயமாக இருக்கிறது என்றாள். நான் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தேன்.

“அம்மா, அப்பாகிட்டக் குடும்மா. அப்பாவ ஜெபம் பண்ணச் சொல்லோணும்.”

சுருக்கென்றது. அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஞாயிறு பள்ளியில் உட்கார வைத்தவள் நான். போனை அவரிடம் கொடுத்தேன். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். போகவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வார்த்தை கிடைக்காமல் அவர் திணறி முடிக்கும்வரை காத்திருந்து, ஆமென் சொன்னேன்.