மிளா தின்ற கோதுமை

ஏழு மிளா மான்களைக் கொன்றவன் நான். அந்தப் பழியை வேறொருவன் மேல் எழுதி வைத்தவனும் நான்தான்.

எழுபதுகளின் நடுவில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். அந்தத் தை மாதம் உறைபனி விழுந்து புல்மேடு முழுக்கக் கருகிவிட்டது. எலும்பு துருத்திய மிளாக்கள் தொழிற்சாலைக்குக் கீழே இருந்த சதுப்புக்கு இறங்கி, காய்ந்த கோரையை மென்றுகொண்டு நின்றன. ஸ்டோரில் ரேஷன் கோதுமை வண்டு விழுந்து கிடந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் சோறு தின்று பழகிய ஜனங்கள் அதைத் தொடவில்லை. மிளாக்களாவது தின்னட்டும் என்று நான்கு மூட்டையைச் சதுப்பில் கொட்டச் சொன்னேன்.

சுமந்து வந்த தொழிலாளி தயங்கினான். "பட்டினி கெடந்த மாட்டுக்கே தானியம் வைக்க மாட்டோம்யா. வயிறு ஊதிச் செத்துரும். தழைய வெட்டிப் போடுவோம்."

"நீ எந்தக் காலேஜ்லடா மாட்டு டாக்டருக்குப் படிச்ச?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கொட்டினான்.

மூன்றாம் நாள் ஏழும் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன. ஒன்றின் வாயோரம் கோதுமை ஒட்டியிருந்தது. செருப்பால் தேய்த்து மறைத்தேன். பட்டினி கிடந்த இரைப்பையில் தானியம் புளித்துக் கொல்லும் என்று பின்னாளில் ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

மேனேஜர் கேட்டபோது, சதுப்போரம் முட்டைக்கோஸ் போட்டிருந்த அதே தொழிலாளி பூச்சிமருந்து வைத்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஐயாதான் கோதுமைய கொட்டச் சொன்னாரு!" என்று அவன் கத்தினான். கோதுமை தின்று எது சாகும் என்றார் மேனேஜர். அன்று சிரித்தவர்கள் வாய் திறக்கவில்லை. ஒரே வாரத்தில் வேலையும் லயத்து வீடும் போய், மனைவியோடு போடிக்கு இறங்கினான்.

இரண்டு வருடம் கழித்துத்தான் அவனைத் தேடிப் போனேன். ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்குய்யா சொல்றீக? நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? பெரட்டுல போய்ச் சொல்லுங்க."

பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் களம். மறுநாள் எல்லார் முன்னும் நின்று சொன்னேன். அவனைத் திரும்ப எடுக்கும்படி மேனேஜருக்கும் எழுதினேன். அந்த இடம் நிரம்பிவிட்டது என்றார். என்னை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்.

திரும்பப் போடிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"பெரட்டுல சனங்க என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க."

அவன் முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினான். நான் எழுந்து வரும்வரை நிமிரவில்லை.