முன்னால் ஓட்டியவன்

எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிள்தான். நான் கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்புவேன். அவன் சிதம்பரத்திலிருந்து வருவான். புதுச்சத்திரத்தில் சந்தித்து, அங்கிருந்து சாமியார்பேட்டைக்குத் திரும்பி, கடலை ஒட்டியே பரங்கிப்பேட்டை வரை ஓட்டுவோம். வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் குடித்துவிட்டு, கிள்ளை வழியாகச் சிதம்பரம். அவன் வீட்டில் இட்லி தின்றுவிட்டு நான் தனியாகக் கடலூர் திரும்புவேன். நான்கு வருடம் இப்படித்தான் போனது.

எப்போதும் நான்தான் முன்னால். அந்தச் சாலையில் எங்கே பள்ளம், எங்கே மணல் ஏறிக் கிடக்கும், எந்த வளைவில் மீன் வண்டி வேகமாக வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பள்ளம் என்றால் கையைக் கீழே காட்டுவேன். எதிரே வண்டி என்றால் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டுவேன். சாலை காலி என்றால் கையைத் தூக்கி, "வா மச்சான்" என்பேன். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவன். என் கையை மட்டும் சரிபார்த்ததில்லை.

போன வருடம் கோடையில்தான் சின்னச் சின்னதாக ஏதோ நடக்க ஆரம்பித்தது. நான் நடத்தும் ஹார்டுவேர் கடையில் ஒருவர் பம்புக்கு வாஷர் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போன பிறகு கடைப் பையன் சொன்னான். கடலூரை ஒட்டிய மேடான கேப்பர் மலையின் இறக்கத்தில் ஒரு நாள் திடீரென்று சக்கரத்துக்கு முன்னால் ஓர் ஆடு. ஓடி வந்த ஆடாக இருந்திருந்தால் முன்பே கண்ணில் பட்டிருக்கும். இது எங்கிருந்தும் வரவில்லை. இல்லாத இடத்தில் சட்டென்று இருந்தது. வெயில் ஜாஸ்தி, கண் கூசியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதிய கண்ணாடி வாங்கப் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். கண் அழுத்தத்தைப் பார்த்ததும் இன்னொரு சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவியில் தாடையை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். நான்கைந்து தடவை அழுத்தினேன். பிறகு வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை.

"மெஷின் நின்னுடுச்சு போலருக்கு" என்றேன், பக்கத்தில் இருந்த பெண்ணிடம்.

"ஓடிட்டுத்தான் இருக்கு சார். நடுவுலயே பாருங்க" என்றாள்.

டாக்டர் என் வயதுக்காரர்தான். கிளாக்கோமா என்றார். நடுப் பார்வை நன்றாக இருப்பதால் இத்தனை நாள் தெரியவில்லை, பக்கப் பார்வை நிறையப் போய்விட்டது என்றார். "போனது திரும்ப வராது. இருக்கறத மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம். பைக், சைக்கிள் ரெண்டும் வேணாம்."

வீட்டில், கண் எரிச்சலுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். மனைவி நம்பினாள். ஏன் மறைத்தேன் என்று இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சாலையைக் கடக்க யாராவது என் கையைப் பிடிப்பதை அப்போது நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. தவிர, கல்வராயன் மலைக்குப் போவதென்று நாங்கள் ஏற்கெனவே நாள் குறித்திருந்தோம். கடற்கரையில் சமதளமாகவே ஓட்டிப் பழகிய எங்களுக்கு அது பெரிய ஆசை. அதற்காகவே அவன் ஆறு மாதமாகப் படிக்கட்டு ஏறிக்கொண்டிருந்தான். மலையை முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அவனுடைய காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு போய், கச்சிராயபாளையத்தில் காரை நிறுத்தினோம். ஏற்றம் கஷ்டமாக இருந்தாலும் பயமில்லை. நடை வேகம்தான். வெள்ளிமலையில் டீ குடித்தோம். அவன் அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, "பாருக்கா, உன் வீட்டுக்காரர் சிங்கம் மாதிரி ஏறிட்டாரு" என்றான். நான் போனைப் பார்த்துச் சிரித்தேன்.

இறங்கும்போதும் நான்தான் முன்னால் போனேன். அவன் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவு. இடப்பக்கம் காட்டுக்குள்ளிருந்து ஒரு மண்பாதை வந்து சேர்கிறது. நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அளவில் சாலை வெறுமையாக இருந்தது. கையை உயர்த்தி, "வா மச்சான், காலி!" என்று கத்திவிட்டு வளைவைக் கடந்தேன். மறு நொடி பின்னால் பிரேக் சத்தம், பிறகு இரும்பு சாலையில் இழுபடும் சத்தம்.

திரும்பி ஓடினேன். மச்சான் சாலையோரக் கல்லருகே ஒருக்களித்துக் கிடந்தான். வலது தோள் கீழிறங்கி இருந்தது. மண்பாதை வாயில் ஒரு டி.வி.எஸ். வண்டி சாய்ந்து கிடக்க, சாக்கிலிருந்து மரவள்ளிக் கிழங்குகள் உருண்டிருந்தன. வண்டிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். முட்டியில் ரத்தம் வழிய, மச்சானைத் தூக்கிவிட முயன்றுகொண்டிருந்தார்.

"கண்ணு தெரியலயாய்யா ஒனக்கு?" என்று மச்சான் அவரைப் பார்த்துக் கத்தினான். "மெயின் ரோட்டுல வண்டி வருதா பாக்க மாட்டியா?"

"இவரு கை காட்டுனாரு சார்" என்றார் அவர், என்னைப் பார்த்து.

மச்சான் என்னைப் பார்த்தான். "எங்க மச்சானுக்குத்தான் காட்டினேன்" என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் அவர் அங்கே நின்றிருந்ததே எனக்குத் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. அவர் முட்டி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். கிழங்கை அப்படியே போட்டுவிட்டு, மேலிருந்து வந்த ஒரு லோடு வண்டியை மறித்து நிறுத்தி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரை எங்களோடு வந்தார். மச்சானுக்குக் கழுத்தடியில் காறை எலும்பு முறிந்திருந்தது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே அவர் சாயங்காலம் வரை நின்றார். மச்சானின் போன் நம்பரை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பிக்கு அடிபட்ட கவலை என்று மனைவி நினைத்தாள். சைக்கிளைத் துணி போட்டு மூடினேன். அவன் குணமாகும்வரை எனக்கும் வேண்டாம் என்று சொன்னபோது, "நல்ல மனசு ஒங்களுக்கு" என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அவனைப் பார்க்கச் சிதம்பரம் போனேன். கட்டோடு உட்கார்ந்து இடது கையால் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். வலது கை தூக்க முடியாததால், பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவியைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிப் பாடம் நடத்துவதாகச் சொன்னான். அப்போது அவன் போன் அடித்தது. பார்த்துவிட்டுத் துண்டித்தான்.

"அந்த மலக்காரருதான் மாமா. கை எப்டி இருக்குன்னு கேக்க தெனம் போன் பண்றாரு. நான் எடுக்கறதில்ல. எடுத்தா திட்டிடுவேன்."

"அவரத் திட்டாத மச்சான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் பேனாவை மூடி வைத்தான். "எத்தன நாளா தெரியும் ஒங்களுக்கு?"

"மலைக்குப் போறதுக்கு ஒண்ணர மாசம் முன்னாடியே."

"அதுக்கப்புறமும் சாமியார்பேட்ட ரோட்டுல நாலஞ்சு வாரம் ஓட்டுனோமே."

"ஆமா."

"லாரி வரும்போதெல்லாம் நான் ரோட்டப் பாக்கல மாமா. ஒங்க கையத்தான் பாத்தேன்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மொதல்ல அவகிட்ட போய்ச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அந்த நம்பருக்கு அவனே போன் போட்டான். "தப்பு ஒங்க மேல இல்லீங்க. எங்க மாமா வந்து சொல்லுவாரு" என்று மட்டும் சொல்லி, வீட்டுக்கு வழி கேட்டு ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தான். வழக்கமாக வாசல் வரை வருபவன், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த கண் சோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றாக இருந்த இரண்டு வட்டங்களிலும் ஓரமெல்லாம் கறுப்பாக இருந்தது. "என் மூஞ்சி முழுசாத் தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "மலைக்கு ஒத்தையில போவாதீங்க, நானும் வரேன்" என்றாள்.

மூன்று பஸ் மாறிப் போனோம். அவர் வீட்டு வாசலில் கிழங்கு கொட்டிக் கிடந்தது. எங்களைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார். என் பார்வை இப்படி, அவர் நின்றதை நான் பார்க்கவேயில்லை, தெரிந்தும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று சொல்லி முடித்தேன்.

"நீங்க என்னப் பாத்துத்தான் வான்னு கை காட்டுறீங்கன்னு நெனச்சேன் சார். ஒங்க மொகம் என் பக்கந்தான் திரும்பியிருந்துச்சு" என்றார். உடனே உள்ளே இருந்த மனைவியிடம் திரும்பி, "கேட்டியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசலில் கிடந்த கிழங்கைக் காலால் ஒதுக்கினார். "நான் குடிச்சிட்டு வண்டி ஓட்டி வாத்தியார இடிச்சிட்டேன்னு ஊர்ல பேசிட்டாங்க. நான் குடிக்கறவன் இல்ல. டீக்கடையில வந்து இதையே ஒருக்கா சொல்லிடுங்க சார்" என்றார்.

போனோம். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் என் பார்வைக்குள் அடங்கவில்லை. ஒவ்வொரு முகமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னேன். மனைவி பக்கத்திலேயே நின்றாள். முடித்ததும், "அப்ப இவன் மேல தப்பில்லங்கறீங்க" என்றார் ஒரு பெரியவர். "இல்லைங்க, என் மேலதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார். வண்டிக்காரர் எங்களுக்கும் இரண்டு டீ சொன்னார். நாங்கள் குடித்து முடிக்கும் முன்பே வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டார்.

மச்சானுக்கு எலும்பு கூடிவிட்டது. தோள் மட்டும் சற்றே தூக்கலாக நிற்கிறது. சிதம்பரத்தில் நான்கு பேரோடு சேர்ந்து மறுபடி பிச்சாவரம் பக்கம் ஓட்டுகிறான் என்று மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தான். மாமா என்றுதான் கூப்பிட்டான், கடை வியாபாரம் பற்றிக் கேட்டான், மருந்து ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டான். சைக்கிள் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும், ஸ்கூலில் வேலை இருக்கிறது என்று சீக்கிரமே புறப்பட்டான். விடுமுறை நாளில் என்ன வேலை என்று அவன் அக்கா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.